ஒளி எழுதியதை மூலக்கூறு மறவாதிருப்பது எப்படி?

கேள்வி: ஒளி பட்டால் மடங்கும் மூலக்கூறான அசோபென்சீன் கொண்ட திரவப் படிகப் பாலிமர் படலத்தில் லேசரால் எழுதிய பதிவு, லேசரை அணைத்த பிறகும் நிற்கிறது. மடங்கிய சிஸ் வடிவம்தான் தானாகவே டிரான்ஸ் வடிவத்துக்குத் திரும்பிவிடுமே, பிறகு தங்குவது எது? இதைக் கணினியில் எவ்வாறு மாதிரியாக்குகிறார்கள்?
– முதுகலை இயற்பியல் மாணவி ஒருவர்

பதில்: தங்குவது வடிவம் அன்று, திசை. டிரான்ஸ் வடிவில் அசோபென்சீன் குச்சிபோல் நீண்டிருக்கும். அதன் இரு முனைக் கார்பன்களுக்கிடையே ஏறத்தாழ 0.9 நானோமீட்டர் தொலைவு. ஒளியை உட்கவர்ந்து சிஸ் வடிவில் மடங்கியதும் அது 0.55 நானோமீட்டராகக் குறைகிறது. மீண்டும் நிமிரும்போது பழைய திசையிலேயே நிமிர வேண்டிய கட்டாயம் அதற்கில்லை. தளவிளைவுற்ற ஒளியை, அதாவது மின்புலம் ஒரே திசையில் அதிரும் ஒளியை, உட்கவரும் வாய்ப்போ, ஒளியின் மின்புலத்துக்கும் குச்சியின் அச்சுக்கும் இடைப்பட்ட கோணத்தின் கொசைன் வர்க்கத்தைப் பொறுத்தது: இணையாக இருந்தால் முழு வாய்ப்பு, 60 பாகையில் கால் பங்கு, செங்குத்தானால் சுழி. ஆகவே தற்செயலாகச் செங்குத்துத் திசையில் நிமிர்ந்த குச்சியை ஒளி அதன்பின் தொடுவதில்லை. ஏனையவை மடங்கி நிமிர்ந்து, மடங்கி நிமிர்ந்து, ஒவ்வொன்றாக அத்திசைக்கு வந்து சேர்கின்றன. 488 நானோமீட்டர் ஆர்கான் லேசரால் எழுதியதை, படலம் பெரிதும் உட்கவராத 633 நானோமீட்டர் சிவப்பு லேசரால் கலைக்காமல் படிக்கலாம்.

மாதிரியாக்கத்தில் அணு அணுவாகப் பின்தொடர்வது கட்டுப்படியாகாது. ஒரு மடங்கல் பிக்கோ வினாடிக் (வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு) கணக்கில் முடிய, பதிவு உருவாக வினாடிகளும் சில வேளைகளில் நிமிடங்களும் ஆகின்றன. எனவே மூலக்கூறை வெறும் குச்சியாகச் சுருக்கி, தற்செயல் எண்களைக் கொண்டு கணக்கிடும் மான்டி கார்லோ முறையில் ஒன்றைத் தற்செயலாகத் தேர்ந்து, கோணத்துக்கேற்ற வாய்ப்புடன் மடக்கிப் புதிய திசையில் நிமிர்த்துகிறார்கள். ஆனால் குச்சிகள் ஒன்றையொன்று பொருட்படுத்தாதவை என்று கொண்டால், ஒளி நின்றதும் வெப்ப அசைவு அவற்றைக் கலைத்துவிடும் என்றே கணக்கு சொல்லும். திரவப் படிகங்களுக்கென மையரும் சௌபேயும் வகுத்த, அண்டை மூலக்கூறுகளின் விளைவை ஒரே சராசரிப் புலமாகக் கொள்ளும் சராசரிப் புலக் கோட்பாட்டை, 1990களில் டென்மார்க்கின் ரிசோ ஆய்வுக்கூடத்தில் பெடர்சனும் யோஹான்சனும் இந்த ஒளிவினையோடு இணைத்தார்கள். பெரும்பாலான குச்சிகள் ஒரு பக்கம் திரும்பியதும், அந்தப் பெரும்பான்மையே ஒவ்வொரு குச்சியையும் அங்கு பிடித்து வைக்கிறது என்பது அதில் தெளிவாகிறது. பாலிமர் கண்ணாடி நிலையில் உறைந்திருப்பதும் துணைபுரிகிறது. எனினும் அதை மட்டுமே காரணமாகக் காட்டும் விளக்கம் பாதி விளக்கம்தான் என்பது என் கருத்து.

நீங்களே நிரல் எழுதினால், அண்டைக் குச்சிகளின் ஈர்ப்பை முதலில் சுழியாக வைத்து, ஒளியை நிறுத்திய பின் ஒழுங்களவு (குச்சிகள் எந்த அளவுக்கு ஒரே திசையில் நிற்கின்றன என்பதைக் காட்டும் எண்) எப்படிச் சரிகிறது என்று வரைந்து பாருங்கள். பிறகு ஈர்ப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். எந்த மதிப்பில் அந்தக் கோடு சுழிக்கு இறங்காமல் நிற்கத் தொடங்குகிறதோ, அங்கேதான் உங்கள் படலம் நினைவு வைத்துக்கொள்ளத் தொடங்குகிறது.