ஒரே டிஸ்ட்ரிக்ட், இரண்டு பள்ளிகள்: 9-ஆ, 6-ஆ?

கேள்வி: டல்லாஸ் புறநகரில் வீடு மாறப் போகிறோம். மகளுக்கு ஆகஸ்டில் கிண்டர்கார்ட்டன். ஒரே ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) இரண்டு எலிமெண்டரி பள்ளிகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். இணையத்தில் ஒன்றுக்கு 10-க்கு 9, இன்னொன்றுக்கு 6. வீட்டு முகவரியை வைத்துத்தான் பள்ளி என்பதால், முதல் பள்ளியின் எல்லைக்குள் வாடகை மாதம் 400 டாலர் கூடுதல். இரண்டாவது பள்ளிப் பக்கம் கணவருக்கு அலுவலகம் கிட்ட. எதை நம்பி முடிவெடுப்பது?

பதில்: முதலில் அந்த 9-ம் 6-ம் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்துவிடலாம். வீடு தேடும் தளங்களில் வாடகைக்குப் பக்கத்திலேயே காட்டுகிறார்களே, அந்த எண் பெரும்பாலும் கிரேட்ஸ்கூல்ஸ் என்ற பள்ளி மதிப்பீட்டுத் தளம் தருவது. எலிமெண்டரி பள்ளி என்றால் அதில் பெரும்பங்கு மாநிலத் தேர்வு மதிப்பெண்களுக்குத்தான். டெக்சாஸில் அது ஸ்டார் தேர்வு, 3-ஆம் வகுப்பில்தான் தொடங்குகிறது. உங்கள் மகள் மாநிலத் தேர்வு எழுத இன்னும் நாலு வருடம் இருக்கிறது. கிண்டர்கார்ட்டன் டீச்சர் எப்படி எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லித் தருகிறார் என்பதற்கும் அந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

ஒரே டிஸ்ட்ரிக்ட் என்பதால் பாடத்திட்டம், ஆசிரியர் சம்பள அட்டவணை, விடுமுறை நாட்கள் எல்லாம் ஒன்றுதான். பிறகு மதிப்பெண் ஏன் இவ்வளவு மாறுகிறது? பெரும்பாலும் யார் வீட்டுப் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள் என்பதால். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் நானாக வைத்தவை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளில் 80 சதவீதமும், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளில் 50 சதவீதமும் தேறுகிறார்கள், இரண்டு பள்ளியிலும் அப்படியே என்று வையுங்கள். முதல் பள்ளியில் வசதியுள்ளவர்கள் 90 சதவீதம். மொத்தத் தேர்ச்சி 77. இரண்டாவதில் பாதிக்குப் பாதி, மொத்தம் 65. கற்பித்தலில் துளி வித்தியாசமில்லை, ஆனால் ரேட்டிங்கில் ஒன்று மேலே, ஒன்று கீழே.

அதனால் மொத்த எண்ணை விட்டுவிட்டுப் பிரிவு வாரியான வரிசைகளைப் பாருங்கள். 2015-இல் வந்த மத்தியச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளியின் முடிவுகளையும் இனம், பொருளாதாரம், ஆங்கிலம் கற்போர் என்று பிரித்துக் காட்டியாக வேண்டும். டெக்சாஸ் எஜுகேஷன் ஏஜென்சி ஆண்டுதோறும் பள்ளி வாரியாக வெளியிடும் டிஏபிஆர் அறிக்கையில் இதெல்லாம் இருக்கிறது. உங்கள் குடும்பத்தைப் போன்ற குடும்பங்களின் பிள்ளைகள் இரண்டு பள்ளியிலும் எப்படிச் செய்கிறார்கள் என்று அந்த ஒரு வரிசையை மட்டும் ஒப்பிடுங்கள். குறைந்தது மூன்று வருடம் சேர்த்துப் பாருங்கள். ஒரு வகுப்பில் மொத்தமே 80 பிள்ளைகள் என்றால் நாலு பேர் சொதப்பினால் 5 சதவீதம் போய்விடும்.

மாநிலம் தரும் ஏ முதல் எஃப் வரையான கிரேடையும் பார்க்கலாம், ஆனால் உள்ளே பிரித்துப் பார்க்க வேண்டும். மதிப்பெண், முன்னேற்றம் இரண்டில் எது நன்றாக இருக்கிறதோ அதற்கு 70 சதவீதம், பிரிவுகளுக்கு இடையிலான இடைவெளியைக் குறைப்பதற்கு 30 சதவீதம். ஒரே பி கிரேடை ஒரு பள்ளி மதிப்பெண்ணால் வாங்கியிருக்கும், இன்னொன்று முன்னேற்றத்தால். எனக்கு முன்னேற்றத்தின் மேல்தான் நம்பிக்கை அதிகம். அதுதான் பள்ளி செய்த வேலைக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருகிறது. எந்த ஆண்டின் கிரேடு என்பதையும் கவனியுங்கள். வழக்குகளால் 2023-க்கான கிரேடு 2025 ஏப்ரலில்தான் வெளியானது.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு விஷயம். சேர்க்கையின்போது வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் கேட்கும். தமிழ் என்று எழுதினால் குழந்தைக்கு ஆங்கிலத் திறன் தேர்வு வைப்பார்கள்; அதில் தேறாத பிள்ளைகள் ‘ஆங்கிலம் கற்போர்’ கணக்கில் சேர்வார்கள். உண்மையையே எழுதுங்கள், அதில் பயப்பட ஒன்றுமில்லை. பள்ளிகளை ஒப்பிடும்போதும் இதை நினைவில் வையுங்கள். ‘ஆங்கிலம் கற்போர் 35 சதவீதம்’ என்று பார்த்ததும் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் பாதிப் பேர் நம் பிள்ளைகளாகவே இருக்கலாம்.

அதே டிஏபிஆர் அறிக்கையில் ஆசிரியர்களின் அனுபவ ஆண்டுகள் இருக்கும். முதல் வருட ஆசிரியர்கள் மிக அதிகம் என்றால் ஏன் என்று கேட்கலாம். வகுப்பு அளவும் இருக்கும். கிண்டர்கார்ட்டன் முதல் 4-ஆம் வகுப்பு வரை 22 பேர் என்பது மாநில வரம்பு, ஆனால் டிஸ்ட்ரிக்ட் விலக்கு வாங்கிக்கொள்ள முடியும்.

அப்புறம் நேரில் போய்ப் பாருங்கள். பிரின்சிபல் வந்து எத்தனை வருடம், போன வருட கிண்டர்கார்ட்டன் டீச்சர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள், படிப்பில் பின்தங்கும் பிள்ளைக்கு என்ன செய்கிறீர்கள்? இந்த மூன்றைக் கேளுங்கள். மூன்றாவதற்கு ‘ஒவ்வொரு குழந்தையையும் நாங்கள் தனித்தனியாகக் கவனிக்கிறோம்’ என்று மட்டும் பதில் வந்தால் அது பதிலே இல்லை. ‘வாரம் நாலு நாள், இத்தனை மணிக்கு, நாலைந்து பேர் கொண்ட குழுவாக’ என்று வந்தால் அங்கே உண்மையிலேயே ஏதோ நடக்கிறது. சுற்றிக் காட்டும்போது சுவரைப் பாருங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே அச்சில் வெட்டி ஒட்டிய காகித வான்கோழிகள் தொங்குகின்றனவா, எழுத்துப் பிழையோடு அவர்களே எழுதிய வரிகள் இருக்கின்றனவா? எனக்கு இரண்டாவது பிடிக்கும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பிரிவு வரிசையில் இரண்டும் ஏறக்குறைய சமம், 6 வாங்கிய பள்ளியில் ஆசிரியர்கள் நிலைத்திருக்கிறார்கள் என்றால், நான் அதைத்தான் எடுப்பேன். வருடத்துக்கு 4,800 டாலர் மிச்சம், அப்பா மாலையில் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுவார். அந்த வரிசையிலும் 6 பள்ளி மூன்று வருடமாகத் தெளிவாகக் கீழே இருந்தால் 400 டாலரைக் கொடுத்துவிடுங்கள்.

எதுவானாலும், லீஸில் கையெழுத்துப் போடும் முன் வீட்டு எண்ணோடு முழு முகவரியை டிஸ்ட்ரிக்டின் இணையதளத்தில் போட்டு எந்தப் பள்ளி வருகிறது என்று பாருங்கள். ரியல்டர் சொல்வதும் விளம்பரத்தில் இருப்பதும் போதாது. பிறகு பள்ளி அலுவலகத்துக்கு ஒரு போன். கிண்டர்கார்ட்டனில் இடம் இருக்கிறதா, நிரம்பினால் எந்தப் பள்ளிக்கு அனுப்புவீர்கள், அடுத்த வருடம் எல்லையை மாற்றும் பேச்சு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். வேகமாக வளரும் புறநகரில் புதுப் பள்ளி ஒன்று திறந்தாலே எல்லைக்கோடு நகர்ந்துவிடும். 9-க்காக 400 டாலர் கூடக் கொடுத்துக் குடிபோனவர் பிள்ளை பக்கத்துப் பள்ளிக்கு பஸ் ஏறுவதும் நடப்பதுதான்.