வாட்ச் காட்டும் நடைக்கணக்கு ஏன் உதைக்கிறது?

காலையில் ஒன்றாக நடக்கும் காரைக்குடிக்காரர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டவற்றுக்கு மொத்தமாக இங்கே பதில். சென்சார் வேலைதான் என் பிழைப்பு என்பதால் இந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கேள்வி: அண்ணே, வீட்டிலிருந்து கம்பன் மணிமண்டபம் வரை தினமும் ஒரே வழியில்தான் நடக்கிறேன். ஒரு நாள் 4,200 காட்டுது, மறுநாள் 3,700. எது நிஜம்?

தம்பி, உங்கள் காலைப் பற்றி அந்த வாட்சுக்கு ஒன்றுமே தெரியாது. அதற்குத் தெரிவது மணிக்கட்டின் ஆட்டம் மட்டும். உள்ளே அக்சிலரோமீட்டர் என்ற சின்ன சிப் இருக்கிறது. மூன்று திசைகளிலும் கை எப்படி அசைகிறது என்று அளந்துகொண்டே இருக்கும். அசைவு ஒரே தாளத்தில் வந்தால் ஆள் நடக்கிறார் என்று மென்பொருள் முடிவுகட்டி எண்ணும். போனைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டே போனாலோ, கையைப் பைக்குள் விட்டுக்கொண்டாலோ தாளம் மங்கி எண்ணிக்கை விழும். பட்டை தொளதொளவென்று கிடந்தால் வாட்ச் தனியாகக் குலுங்கும், அதுவும் குழப்பம்தான். முதலில் ஒரு துளை இறுக்கிக் கட்டுங்கள்.

கேள்வி: கானாடுகாத்தானிலிருந்து கேட்கிறேன். பலகாரம் செய்கிற அன்றைக்கு உட்கார்ந்த இடத்திலேயே ஸ்டெப் ஏறுது. முகப்புக்கும் பின்கட்டுக்கும் நாளெல்லாம் நடந்தால் ஏறமாட்டேங்குது. என்ன அநியாயம் இது?

ஆச்சி, அநியாயம்தான். ஆனால் இரண்டுக்கும் காரணம் ஒன்று. மாவு பிசையும்போது உங்கள் மணிக்கட்டு ஏறக்குறைய நடைவேகத்தில் போய்வருகிறது, வாட்ச் ஏமாந்துபோகிறது. பிசைந்து முடித்துக் கைமுறுக்கு சுற்றும்போது பாருங்கள், எண் பெரும்பாலும் நின்றுவிடும். அப்போது வேலை விரல்களுக்குத்தான், மணிக்கட்டுக்கு இல்லை.

வீட்டு நடை வேறு கதை. பல வாட்ச்கள் ஏழெட்டு, பத்து அடியாவது விடாமல் விழுந்தால்தான் அதை நடை என்று நம்பும். நம் வீடுகளில் வளவைச் சுற்றி நாலடி, ஒரு நிலைப்படி, ஒரு நிமிடம் பேச்சு, திரும்ப அடுப்படி என்று போகிறோம். நம்புவதற்குள் நின்றுவிடுகிறோம். கையில் தாம்பாளமும் இருந்தால் கேட்கவே வேண்டாம். பிசையும்போது கழற்றி வையுங்கள். மற்ற நேரம் இடது கையில் கட்டி, செட்டிங்கில் கை எது என்று கேட்டால் அதையே குறித்துவிடுங்கள்.

கேள்வி: தேவகோட்டையிலிருந்து பைக்கில் வேலைக்கு வருகிறேன். அதையும் நடை என்று சேர்த்துக்கொள்கிறதே?

ஹேண்டில்பார் அதிர்வு. குண்டும் குழியுமான ரோட்டில் கூடுதலாக ஏறும். கிளம்பும்போதும் இறங்கும்போதும் எண்ணைப் பார்த்துக் கழித்துவிடுங்கள்.

கேள்வி: தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்தோம். காவடி எடுத்த அண்ணனுக்குக் குறைவு, பக்கத்திலேயே வந்த எனக்கு அதிகம். எப்படி?

தோளில் காவடி இருந்தால் ஒரு கை அதைப் பிடித்தபடியே இருக்கும். அந்தக் கையில் வாட்ச் இருந்தால் வீச்சு இல்லை, உடம்பின் குலுக்கலை மட்டும் வைத்து எண்ண வேண்டியிருக்கும். நீங்கள் கைவீசி நடந்திருப்பீர்கள். கூட்டத்தில் அடிமேல் அடிவைத்து நகரும் இடங்களில் இருவருக்குமே விட்டுப்போகும்.

கிலோமீட்டரையும் இதை வைத்து நம்பிவிடாதீர்கள். ஜிபிஎஸ் ஓடாவிட்டால், ஆளின் உயரத்தில் ஏறத்தாழ 41 சதவீதத்தை ஓரடி நீளமாக வைத்துப் பெருக்குவதுதான் வழக்கம். கால் கொப்புளம் கண்டு நாலாம் நாள் நடக்கிறவரின் அடி அவ்வளவு நீளமா இருக்கும்? ஸ்டெப் கூடும், தூரம் பொய்யாகும். இப்படி ஒரு நடைக்கு ஊர்க்கல் சொல்லும் தூரமே போதும்.

கேள்வி: மகன் வீட்டுக்குச் சிங்கப்பூர் போன அன்று கணக்கு ரொம்பக் குறைச்சல், திரும்பிய அன்று ஏகத்துக்கும் அதிகம்.

அங்கே நம்மைவிட இரண்டரை மணி முன்னால். போனின் நேரம் மாறினால் வாட்சும் மாறிக்கொள்ளும். போன நாள் உங்களுக்கு இருபத்தொன்றரை மணி நேரம்தான், வந்த நாள் இருபத்தாறரை.

கேள்வி: போன் ஒன்று சொல்லுது, வாட்ச் ஒன்று சொல்லுது. பத்தாயிரம் ஆகாவிட்டால் வீட்டில் திட்டு வேறு.

போன் மேசையில் கிடக்கும் நேரத்துக்கு அதனிடம் கணக்கு இல்லை. ஆண்ட்ராய்டில் ஹெல்த் கனெக்ட் (உடல்நலச் செயலிகளின் கணக்குகளை ஓரிடத்தில் சேர்ப்பது) இருந்தால், ஸ்டெப்புக்கு எந்தச் செயலி முதலில் என்று வரிசை வைக்கலாம். வாட்சை மேலே வையுங்கள்.

பத்தாயிரம் எந்த வைத்தியரும் எழுதிக்கொடுத்த சீட்டு இல்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த அடுத்த ஆண்டு, 1965-இல், ஜப்பானில் மான்போ-கெய் என்று ஒரு நடைமானி விற்பனைக்கு வந்தது. பெயருக்கே பத்தாயிரம் அடி மானி என்றுதான் பொருள். 2019-இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள பெண்கள் 16,741 பேரை வைத்து வந்த ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் பெரிய கூடுதல் பலன் தெரியவில்லை. திட்டுகிறவர்களிடம் இதைக் காட்டுங்கள்.

கேள்வி: அப்ப வாட்ச் கெட்டுப்போச்சா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்க?

நேரான தெருவாகப் பார்த்து, வாய்க்குள் எண்ணி இருநூறு அடி நடங்கள். கை இயல்பாக வீசட்டும். முன்னும் பின்னும் எண்ணைக் குறியுங்கள். பத்துப் பதினைந்து வித்தியாசம் என்றால் விட்டுவிடலாம். நாற்பது, ஐம்பது என்று உதைத்தால் பட்டை, கை, உயரம் மூன்றையும் சரிபார்த்து, அப்டேட் போட்டு மறுபடி நடங்கள். அப்படியும் அடங்காவிட்டால் வாரன்ட்டி முடிவதற்குள் பில்லோடு கடைக்குப் போய்விடுங்கள்.