அரத்தைக் கையில் எடுங்கள்

அன்புள்ள ஐயா,

கோவையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். மலைப்பாதை சைக்கிள்மீது தீராத மோகம். முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் (அதிர்வு தாங்கும் அமைப்பு) உள்ள ஒரு ஃபிரேமை எஃகுக் குழாயில் வீட்டிலேயே செய்ய முடிவெடுத்து, கணினியில் வடிவமைத்து முடித்துவிட்டேன். பின்சக்கர அசைவு 140 மி.மீ., ஷாக் (பின்பக்க அதிர்வுதாங்கி) 210×55, அதாவது நீளம் 210 மி.மீ., அமுங்குவது 55 மி.மீ. பின்பக்கம் ஒரே அச்சில் திரும்பும் ஒற்றைச் சுழலா, பல மூட்டுகளில் அசையும் நான்கு இணைப்பா என்று குழப்பமாக இருக்கிறது. பிரிட்டனின் ரெனால்ட்ஸ் கம்பெனி செய்யும் 853 என்ற உயர்வலிமை எஃகுக் குழாயைத் தருவிக்கலாமா? குழாய்களை வெட்டி ஒட்டும் வேலையைத் தெருமுனை கேட் பட்டறையில் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஒற்றைச் சுழல். பின்சக்கரத்தைத் தாங்கும் பின்கை ஒரே அச்சில் திரும்பட்டும். அந்த அச்சை 32 பல் செயின்ரிங்கின் (மிதியோடு சுழலும் பல்சக்கரம்) மேல்விளிம்பை ஒட்டி வைத்தால், மிதிக்கும்போது வண்டி அவ்வளவாக அமுங்காது. பிரேக் பிடித்தால் பின்பக்கம் கொஞ்சம் இறுகும்; பழகிவிடும். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஸ்டார்லிங் என்ற சிறிய நிறுவனம் எஃகுக் குழாயில் இப்படிப்பட்ட வண்டிகளைச் செய்து விற்கிறது. அதைத் தொடங்கிய ஜோ மெக்யூவன் விமானத் துறையில் பொறியாளராக இருந்தவர். அவர் வீட்டுத் தோட்டக் கொட்டகையில்தான் ஆரம்பித்தார். கவனியுங்கள், பொறியாளர், ஆனாலும் குழாயைத் தன் கையால் ஒட்டினார்.

853 வேண்டாம். எஃகு எந்தக் கலவையானாலும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். வலிமை கூடுவதால் சுவரை மெல்லியதாக்கலாம், எடை குறையும், அவ்வளவே. மெல்லிய சுவரைச் சூட்டில் பாழாக்குவது முதல்முறை செய்பவனுக்கு மிகச் சுலபம். 0.9 மி.மீ. சுவருள்ள 4130 குரோமொலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு) போதும். (ரெனால்ட்ஸ் நெடுங்காலம் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தில் இருந்தது. அதே குழுமம்தான் முருகப்பா குடும்பத்தோடு சேர்ந்து 1949இல் சென்னையில் சைக்கிள் கம்பெனி தொடங்கியது. நம் அப்பாக்கள் மிதித்த வண்டிக்கும் நீங்கள் ஏங்கும் குழாய்க்கும் அப்படியொரு பழைய உறவு.)

இனி உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அண்மையில் ஒரு பொறியியல் கல்லூரிக் கண்காட்சிக்கு நடுவராகப் போயிருந்தேன். திரை திரையாக முப்பரிமாண வடிவங்கள் சுழன்றுகொண்டிருந்தன. "இதில் எதையாவது வெட்டிப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். "வெளியே கொடுத்தால் செய்து தருவார்கள் சார்" என்றார்கள். வரைகிறவன் மூளை, வெட்டுகிறவன் வெறும் கை என்று யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது? நீங்களும் அதே பாட்டைப் பாடுகிறீர்கள்.

கேட் பட்டறைக்காரர் தன் வேலையில் கெட்டிக்காரர். ஆனால் அவர் கையிலிருப்பது ஆர்க் வெல்டிங். கேட்டுக் கம்பிக்குப் பழகிய அந்தக் கை 0.9 மி.மீ. குழாயில் ஓட்டை போட்டுவிடும். குறை அவருடையதல்ல. நீங்கள் படிக்க வேண்டியது பித்தளைக் கம்பியும் வெண்காரமும் வைத்து கேஸ் சுடரில் ஒட்டுகிற பிரேசிங். அதற்கும் முன்னால் அரம்.

ஒரு குழாயின் முனை இன்னொரு குழாயின் வளைவில் மீன்வாய்போல் கவ்வ வேண்டும். காகித அச்சைச் சுற்றிக் கோடு போட்டு, ரம்பத்தால் தோராயமாக அறுத்து, மீதியை அரைவட்ட அரத்தால் கொண்டுவர வேண்டும். சந்தில் இடைவெளி விட்டால் அதைப் பித்தளை நிரப்பிவிடும் என்று நினைப்பீர்கள். நிரப்பும். ஆறும்போது சுருங்கி, குழாயையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். சாதாரண சைக்கிளில் இந்தக் கோணல் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். உங்கள் வண்டியில் பின்கையின் இரண்டு பேரிங் துளைகளும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். அவை விலகினால் பேரிங் சீக்கிரம் சாகும். ஷாக்கின் தண்டு பக்கவாட்டில் உரசி, சீல் கசியும். விலையுயர்ந்த ஷாக்கைக் கெடுத்தது கணினியில் போட்ட கோணம் அல்ல, அரம் போடாத ஒரு சந்து என்பது அப்போது உங்களுக்குத் தெரியாது. ஷாக் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இளம் வயதில் பஞ்சாலை இயந்திரப் பட்டறை ஒன்றில் எடுபிடியாக இருந்தேன். அங்கிருந்த மூத்த ஃபிட்டர் ஒரு இரும்புக் கட்டையை வைஸில் இறுக்கிக் கொடுத்து, மூலமட்டம் (செங்கோணம் பார்க்கும் கருவி) வைத்தால் அடியில் வெளிச்சம் தெரியக்கூடாது என்றார். நான் தேய்த்துத் தேய்த்து, ஆசையோடு அந்தப் பரப்பை விரலால் தடவிப் பார்த்தேன். பளாரென்று கையில் ஒன்று வைத்தார். விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் அரம் கடிக்காது, வழுக்கும். அப்புறம் அரத்தின் பற்களில் சாக்பீஸைத் தேய்த்துக் காட்டினார். துகள் அடைக்காமலிருக்க அது. தள்ளும்போதுதான் அரம் வெட்டும், இழுக்கும்போது தூக்கிவிடு என்றார். வேறு எதையும் அவர் விளக்கவில்லை. பல காலம் கழித்து பிரேசிங் செய்யப் பழகியபோது பார்த்தேன், அதே விரல்பசை பட்ட இடத்தில் பித்தளையும் ஒட்டாமல் உருண்டு விலகியது. அவர் கையில் அடித்தது எனக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது.

கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. ஆயத்தமாக ஒன்றை வாங்கிக்கொள்ள உங்களால் முடியும். ஆனாலும் செய்ய நினைக்கிறீர்களே, அந்த ஆசை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன்.

படத்தை மூடிவையுங்கள். மலிவான குழாய்த் துண்டுகளை வாங்கி, சந்து சந்தாக ஒட்டிப் பழகுங்கள். ஒட்டியதை நடுவில் அறுத்து, பித்தளை உள்ளே வரை ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். துத்தநாகம் பூசிய குழாயைத் தொடாதீர்கள், புகை ஆளைப் படுக்கவைக்கும். மொட்டைமாடியில் செய்யுங்கள், அறைக்குள் வேண்டாம். ஃபிரேம் என்று வரும்போது பேரிங் துளைகளைக் கொஞ்சம் சிறியதாகவே விட்டுவையுங்கள். எல்லாச் சூடும் முடிந்தபின், ஒரே மூச்சில் இரண்டு பக்கமும் ரீமர் (துளையைச் சீவி அளவாக்கும் கருவி) ஓட்டி அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

முதல் சந்தை ஒட்டுவதற்கு முன், குழாய்க்குப் பின்னால் விளக்கை வைத்து ஒரு புகைப்படம் எடுத்து அனுப்புங்கள். கணினிப் படம் அனுப்பினால் திறக்கமாட்டேன்.