உபுண்டுவில் என்விடியா டிரைவர்: சாவி நிராகரிப்பு

டிரைவர் நிறுவியும் என்விடியா-எஸ்எம்ஐ (கிராஃபிக்ஸ் கார்டின் நிலையைக் காட்டும் கட்டளை) வேலை செய்யவில்லை, மாட்ப்ரோப் (டிரைவரை ஏற்றும் கட்டளை) கொடுத்தால் சாவி நிராகரிக்கப்பட்டது என்று வருகிறது என எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் டிரைவரில் கோளாறு இல்லை. தடுப்பது செக்யூர் பூட், அதாவது நம்பகமான சாவியால் கையொப்பமிட்டதை மட்டும் ஏற்றவிடும் பாதுகாப்பு. திரும்பத் திரும்ப அழித்து நிறுவ வேண்டாம். டிரைவரின் சாவியைப் பதிய, நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்டிருக்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை வந்து 10 நொடிதான் காத்திருக்கும். எதையும் அழுத்தாவிட்டால் சாவி பதியாமலே போய்விடும். பலரும் கோட்டை விடுவது அங்கேதான்.

சரி, இப்போது வார், லிப், ஷிம்-சைன்டு, மோக் என்ற ஃபோல்டர் வரிசையில் இருக்கும் மோக்.டிஇஆர் என்ற சாவிக் கோப்பை, சூடோவுடன் (நிர்வாகி உரிமையோடு) மோக்யூட்டில் என்ற கட்டளையில் இம்போர்ட் கொடுத்து மறுபடி ஏற்றுங்கள். அப்போது கேட்கும் பாஸ்வேர்டை எண்களாகவே வையுங்கள், நீலத் திரையில் தட்டச் சுலபம். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரையில் ஒரு விசையை அழுத்தி, ‘என்ரோல் மோக்’ (சாவியைப் பதி) தேர்ந்தெடுத்து அந்தப் பாஸ்வேர்டைக் கொடுங்கள். செக்யூர் பூட்டையே அணைத்தாலும் வேலை நடக்கும். ஆனால் அதே கணினியில் பிட்லாக்கர் (வட்டைப் பூட்டும் குறியாக்கம்) போட்ட விண்டோஸ் இருந்தால், அது ரெக்கவரி கீ கேட்டு நிற்கலாம்.