காதைக் காட்டுங்கள், மானைக் காட்டாதீர்கள்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் பேரனுக்கு ஐந்து வயதாகிறது. காட்டு விலங்குகள் ஒளிந்திருக்கும் படப் புத்தகங்கள் என்றால் அவனுக்கு உயிர். ஆனால் ஒரு நிமிடம் தேடியதுமே, "எங்கே இருக்கிறது, காட்டுங்கள் ஆயா" என்று கேட்டுவிடுகிறான். உடனே காட்டிவிடலாமா? ஒரு புத்தகத்தில் சிவப்புப் பூவின்மேல் அமர்ந்த பச்சோந்தி சிவப்பாகவே மாறியிருக்கிறது, அது உண்மைதானா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: விரல் வைத்துக் காட்ட வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். காட்டிய நொடியில் அந்தப் பக்கம் குழந்தைக்குத் தீர்ந்துபோகிறது. இடத்தைச் சொல்லாமல் உறுப்பை மட்டும் சொல்லுங்கள்: "எனக்கு ஒரு காது தெரிகிறதே!" ஓவியர் விலங்கை மறைக்கும்போது பெரும்பாலும் உடலின் வெளிக்கோட்டைத்தான் இலையாலும் நிழலாலும் துண்டுதுண்டாக்குகிறார், கண்ணையோ கொம்பையோ வால்நுனியையோ நமக்காக விட்டுவைக்கிறார். மரங்கள் செங்குத்தாக நிற்கும் பக்கத்தில் குறுக்கே ஓடும் கோடு ஒரு முதுகாக இருக்கக்கூடும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி போன்ற காப்பகங்களில் விலங்கு தேடிப் பழகியவர்களும் முழு விலங்கைத் தேடுவதில்லை. புதரின் ஊடாகப் பார்த்து, அசையும் ஒரு காதையே முதலில் கண்டுகொள்கிறார்கள்.

இந்த உத்தி இயற்கையிடமிருந்து வந்தது. குடு மானின் விலாவில் இறங்கும் மெல்லிய வெண்கோடுகள் கிளைகளுக்கிடையே விழும் வெயிலோடு கலந்துவிடுகின்றன. பல விலங்குகளுக்கு முதுகு அடர்நிறமாகவும் வயிறு வெளுத்தும் இருப்பதால், மேலிருந்து விழும் ஒளியும் கீழே படியும் நிழலும் ஒன்றையொன்று ஈடுசெய்து, உருண்ட உடல் தட்டையாகத் தோன்றுகிறது. இதை 1896இல் விளக்கி எழுதிய அமெரிக்கரான ஆபட் தேயர் ஓர் ஓவியர் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.

பச்சோந்தியைப் பொறுத்தவரை, அந்தப் படம் தவறு. அமர்ந்த பொருளின் நிறத்தையெல்லாம் அது எடுத்துக்கொள்வதில்லை. செடியோடு ஒத்துப்போகும் பச்சையும் பழுப்பும் அதன் இயல்பான நிறங்கள். நிறம் மாறுவது பெரும்பாலும் எதிரியை மிரட்டவும், இணையை ஈர்க்கவும், உடலின் வெப்பத்தைச் சீர்செய்யவும்தான். உங்கள் டர்பன் தோட்டங்களிலேயே குட்டைப் பச்சோந்திகள் வாழ்கின்றன. இரவில் குச்சிநுனியில் உறங்கும்போது அவை வெளுத்துவிடுவதால், பகலில் எவ்வளவு தேடியும் கிடைக்காதது டார்ச் வெளிச்சத்தில் எளிதாகத் தென்படும். பேரனை அழைத்துச் சென்று காட்டுங்கள். கையில் எடுக்க மட்டும் விடாதீர்கள்.

நம் முன்னோரும் இந்த விளையாட்டை அறிந்தவர்களே. கும்பகோணத்துக்கு அருகே, 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராச சோழன் எழுப்பிய தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில், ஒரே தலையைக் காளையும் யானையும் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் உண்டு. ரிஷப குஞ்சரம் என்பார்கள். யானையின் உடலைக் கையால் மறைத்தால் காளை மட்டும் நிற்கும். காளையின் உடலை மறைத்தால் யானை நிற்கும். அதன் படம் ஒன்றைத் தேடியெடுத்து, "இது என்ன விலங்கு?" என்று மட்டும் பேரனிடம் கேளுங்கள். இரண்டாவது விலங்கு ஒன்று இருப்பதை அவனே வந்து உங்களிடம் சொல்லட்டும்.