பிடரி வலியும் பைஃபோகல் கண்ணாடியும்

கேள்வி: செங்கோட்டையில் கணினி மையம் வைத்துப் பத்திரம் தட்டச்சு செய்து வருகிறேன். வயது 47. திருவிதாங்கூர் காலத்துப் பழைய பத்திரங்களைப் பார்த்துப் படியெடுக்கும் வேலையும் உண்டு. காலை 9 மணிக்கு லேப்டாப் முன் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவு 8 ஆகிவிடும். ஓராண்டாகப் பிடரி வலி, கண் எரிச்சல். இரவில் வலது கை விரல்கள் மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது. புனலூரில் ஒரு வாரம் உழிச்சல் (எண்ணெய் தேய்த்து உடம்பைப் பிடித்துவிடும் கேரள முறை) செய்துகொண்டேன். பதினைந்து நாள் சுகமாக இருந்தது, பிறகு பழையபடிதான். நான் உட்காரும் இடத்தின் படத்தை இணைத்துள்ளேன். என்ன செய்யலாம்?

பதில்: உழிச்சலைக் குறை சொல்வதற்கில்லை. இறுகிய தசையை அது தளர்த்தியிருக்கும். ஆனால் அதே நாற்காலிக்குத்தானே திரும்பி வந்தீர்கள்?

படத்தில் நீங்கள் அணிந்திருப்பது பைஃபோகல் கண்ணாடி என்று தெரிகிறது. அதன் கீழ்ப்பகுதி கையில் பிடித்துப் படிக்கும் தூரத்துக்கு, அதாவது ஏறக்குறைய 40 செ.மீ.க்கு, அமைக்கப்படுவது. திரையோ 60 செ.மீ. தள்ளி இருக்கிறது. எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமென்று நீங்கள் அறியாமலேயே தலையை முன்னால் நீட்டுகிறீர்கள். ஐந்து கிலோ அளவுக்கு எடையுள்ள தலையை நாள் முழுவதும் அப்படித் தாங்கி நிற்பது பிடரித் தசைதான். லேப்டாப்பை உயர்த்தி வையுங்கள் என்று பலரும் சொல்லியிருப்பார்கள். இந்தக் கண்ணாடியோடு அதைச் செய்தால், கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பதற்காக மோவாயைத் தூக்க வேண்டிவரும். வலி கூடுமே தவிரக் குறையாது. ஆகவே, உட்கார்ந்த நிலையில் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை அளவு நாடாவால் அளந்துகொண்டு போய், அந்தத் தூரத்துக்கு மட்டுமான தனிக் கண்ணாடி ஒன்றைக் கண் பரிசோதகரிடம் கேட்டு வாங்குங்கள். அதன் பிறகு திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி லேப்டாப்பை உயர்த்தி, விசைப்பலகையையும் மவுஸையும் தனியாக இணைத்துக்கொள்ளலாம்.

ஸ்டேப்ளரைப் பாரமாக வைத்து இடப்புறம் மேசைமேல் விரித்திருக்கும் பழைய பத்திரமும் கவனத்துக்குரியது. வரிக்கு வரி கழுத்தை இடப்பக்கம் திருப்பிக் குனிந்து நிமிர்வதால், நாளொன்றுக்கு எத்தனை நூறு முறை அந்த அசைவு நிகழ்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சாய்வான பலகை ஒன்றில் பத்திரத்தைச் செருகி, விசைப்பலகைக்கும் திரைக்கும் நடுவே நிறுத்துங்கள். தச்சரிடம் சொன்னால் மீதமான பலகைத் துண்டிலேயே செய்து தருவார்.

விரல் மரத்துப்போவது வேறு விஷயம். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்து, சுண்டுவிரல் நன்றாக இருக்கிறதா? கையை உதறினால் சரியாகிறதா? அப்படியானால் மணிக்கட்டின் குறுகிய பாதை வழியே செல்லும் நரம்பு அழுத்தப்படுவதாகவே கருத வேண்டியிருக்கிறது. மேசை விளிம்பில் மணிக்கட்டை ஊன்றாதீர்கள். முழங்கை ஏறத்தாழச் செங்கோணத்தில் இருக்கும்படி நாற்காலியை உயர்த்துங்கள். கால் தரையில் படாவிட்டால் ஒரு மணைப்பலகை போதும். இரவில் மணிக்கட்டு மடங்காதபடி தாங்குபட்டை (ஸ்பிளின்ட்) கட்டிக்கொண்டு உறங்குவது பெரும்பாலும் பலன் தரும். நீரிழிவும் தைராய்டு குறைபாடும்கூட இதைத் தூண்டும் என்பதால் இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை அவசியம்.

கண் எரிச்சலுக்கு முக்கியக் காரணம், திரையைப் பார்க்கும்போது இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடுவது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 விநாடியாவது, 20 அடிக்கு அப்பால் பார்வையைச் செலுத்துங்கள். வாசலில் நின்றால் மலை தெரியும் ஊரில் இதற்கா பஞ்சம்? சுவர் மின்விசிறியின் காற்று முகத்தில் நேராக அடிக்காமல் திருப்பிவிடுங்கள். சாரல் மாதங்களில் கணவாய்க் காற்றுக்கு எதிரே உட்கார்வதும் அதே கெடுதல்தான்.

இவ்வளவும் செய்து ஆறு வாரத்தில் மரப்பு குறையாவிட்டாலும், பெருவிரலடிச் சதை வற்றினாலும், பேனாவோ தம்ளரோ கைநழுவினாலும், அல்லது கழுத்திலிருந்து கைக்கு மின்னல்போல வலி இறங்கினாலும், மறுபடி உழிச்சலுக்குப் போகாமல் நரம்பியல் அல்லது எலும்பியல் மருத்துவரை நேரில் பாருங்கள்.