ஊரில் அப்பா அம்மா மட்டும் இருக்கும் வீட்டுக்குக் கதவு சென்சாரும் அலாரமும் நாமே செய்யலாமா, ரெடிமேடாக வாங்கலாமா?

நான்கு வருடம் முன்பு இதே கேள்வியோடுதான் நானும் நின்றேன். அப்பா அம்மா மன்னார்குடியில், நான் சென்னையில். பழைய ஓட்டு வீடு, வாசலில் இரும்பு கிரில், பின்னால் கொல்லைக் கதவு, அதைத் தாண்டினால் வாய்க்கால். தெருவில் ஒரு வீட்டில் திருட்டு நடந்த பிறகு அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. அப்போது ஆரம்பித்தேன்.

சுருக்கமாகச் சொன்னால், கதவு, நடமாட்டம், தண்ணீர்த் தொட்டி இதெல்லாம் தாராளமாக நீங்களே செய்யலாம். கேஸ் கசிவு, புகை இரண்டையும் செய்யாதீர்கள், வாங்குங்கள். எதை வைத்தாலும் சரி, "இது செத்துப்போனால் எனக்கு எப்படித் தெரியும்?" என்று முதலில் கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் வைத்த முதல் சென்சாரைப் பற்றிச் சொல்கிறேன்.

கொல்லைக் கதவில் ஒரு ரீட் சுவிட்ச் வைத்தேன். சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். பக்கத்தில் காந்தம் வந்தால் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரியும். காந்தம் கதவில், சுவிட்ச் நிலைச்சட்டத்தில். அங்கிருந்து கூடத்தில் இருக்கும் ஒரு இஎஸ்பி8266 போர்டுக்கு (வைஃபை உள்ள சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு) வயர். சென்னையில் எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் எல்லாமே சில நூறு ரூபாயில் முடிந்தது. கதவைத் திறந்தால் என் போனுக்குச் செய்தி வந்தது. ரொம்பச் சந்தோஷப்பட்டேன்.

ஆனால் நான் வாங்கியது நேர்மாறான வகை: கதவு திறந்தால் சுற்று இணையும், மூடினால் பிரியும். பதினோரு நாள் கழித்து ஊருக்குப் போனபோது பார்த்தால், உத்தரத்தின் மேல் போன வயரை எலி கடித்துத் துண்டாக்கியிருக்கிறது. போனில் மட்டும் "கதவு மூடியிருக்கிறது" என்றே காட்டிக்கொண்டிருந்தது. அறுந்த வயரும் மூடிய கதவும் போர்டுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். அந்தப் பதினோரு நாளும் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

அதனால் எப்போதும் கதவு மூடியிருக்கும்போது சுற்று இணைந்திருக்கும்படி வயரிங் செய்யுங்கள். வயர் அறுந்தாலும், சால்டர் விட்டாலும், கதவு திறந்ததாகவே காட்டும், அலாரம் அடிக்கும். தொழில்முறை அலாரக்காரர்கள் வெகு காலமாக இப்படித்தான் செய்கிறார்கள். நீளமான வயர் என்றால் போர்டுக்குள் இருக்கும் புல்-அப்பை (சுற்று பிரிந்திருக்கும்போது பின்னை மின்னழுத்தத்தில் பிடித்துவைக்கும் ரெசிஸ்டர்) மட்டும் நம்பாமல் வெளியே ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள், இடி மின்னல் நேரத்துப் பொய் அலாரங்கள் குறையும். இன்னொன்று: இஎஸ்பி8266-இல் டி3 பின்னில் இதைக் கட்டாதீர்கள். போர்டு உயிர் பெறும் நேரத்தில் அந்தப் பின் கிரவுண்டோடு (மைனஸ் முனையோடு) இணைந்திருந்தால், கதவு மூடியிருக்கும்போது அப்படித்தான் இருக்கும், போர்டு புரோகிராம் ஏற்றும் நிலைக்குப் போய் அப்படியே நின்றுவிடும். கரண்ட் போய் வரும், கதவு மூடியிருக்கும், போர்டு மட்டும் எழுந்திருக்காது. டி5, டி6 பின்களில் இந்தத் தொல்லை இல்லை.

வயருக்கு இது போதும். போர்டே போய்விட்டால்? அதற்கு எம்கியூடிடி என்ற, கருவிகள் சின்னச் செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறையில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. 1999-இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உருவாக்கியது அது. இணைப்பு அடிக்கடி அறுகிற இடத்துக்காகவே யோசித்தது. சென்சார் இணையும்போதே "நான் சொல்லாமல் காணாமல் போனால் இந்தச் செய்தியை எல்லோருக்கும் அனுப்பு" என்று ஒரு கடைசி வார்த்தையை சர்வரிடம் ஒப்படைத்துவிடும். இந்த போர்டுகளுக்கான இலவச மென்பொருளான இஎஸ்பிஹோம் பயன்படுத்தினால் இதற்குத் தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை. வீட்டுக் கருவிகளை ஒரே இடத்தில் காட்டும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளின் திரையில் அந்த சென்சார் கிடைக்கவில்லை என்று வந்துவிடும். பத்து நிமிடம் அப்படியே இருந்தால் எனக்குச் செய்தி வருவது போல் வைத்திருக்கிறேன்.

சரி, வீட்டு இணையமே போய்விட்டால் அந்தச் செய்தி எப்படி வரும்? வராது. அதனால் வீட்டில் இதையெல்லாம் ஓட்டும் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே இருக்கும் ஒரு சர்வரைத் தட்டிவிட்டுப் போகும். அந்தத் தட்டல் நின்றால் வெளியே இருக்கும் சர்வர் என்னைக் கூப்பிடும். இந்த ஒரு வேலையை மட்டும் வீட்டுக்கு வெளியேதான் வைக்க வேண்டும்.

வாசல் கிரிலில் வேறு பிரச்சினை. சாதாரணக் காந்தத்தை இரும்பில் நேராக ஒட்டினால் காந்தப் புலத்தை இரும்பே இழுத்துக்கொள்ளும். சுவிட்ச் ஒரு விரல் தூரத்தில்கூட உணராது. ஷட்டருக்கென்றே விற்கும் பெரிய காந்த சுவிட்ச் வாங்குங்கள், அல்லது நடுவில் ஒரு மரத்துண்டு வையுங்கள். நான் தேக்குச் சில்லு வைத்தேன், இன்றுவரை ஓடுகிறது.

நடமாட்டத்துக்கு எல்லோரும் முதலில் வாங்குவது பிஐஆர் என்ற அகச்சிவப்பு சென்சார். அது ஆளைப் பார்ப்பதில்லை, வெப்பம் இடம் மாறுவதைப் பார்க்கிறது. மனிதத் தோல் 33, 34 டிகிரி. மே மாத மதியம் எங்கள் கூடமும் கிட்டத்தட்ட அதே சூட்டில்தான் இருக்கும். அப்போது அப்பா குறுக்கே நடந்தாலும் சென்சாருக்கு அவர் சுவரோடு சுவராகத் தெரிவார். இரவில் நன்றாக வேலை செய்யும், அதனால் திருட்டுக்குப் பரவாயில்லை. பல்லியோ பூச்சியோ லென்ஸ் மேலேயே ஊர்ந்தால் பொய் அலாரம் வரும். கரண்ட் வந்த முதல் ஒரு நிமிடமும் அது கண்டபடி உளறும். அந்த ஒரு நிமிடத்தைக் கணக்கில் எடுக்காதே என்று புரோகிராமில் சொல்லிவிடுங்கள். எல்டி2410 போன்ற 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் சென்சாருக்குச் சூடு ஒரு பொருட்டில்லை, அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஆளைக்கூடக் கண்டுபிடிக்கும். ஆனால் சீலிங் ஃபேனும் ஆடும் திரைச்சீலையும் அதற்கு ஆள்தான். மெல்லிய தடுப்புச் சுவரைத் தாண்டியும் பார்க்கும். எனவே தூர வரம்பைக் குறைத்து, ஃபேன் பார்வையில் படாத மூலையில் வையுங்கள்.

வயர் இழுக்க முடியாத ஜன்னல்களுக்கு வைஃபை சென்சாரை பேட்டரியில் ஓட்ட நினைக்காதீர்கள். இஎஸ்பி8266 விழித்திருக்கும்போது 70, 80 மில்லிஆம்பியர் குடிக்கும். 2,000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி சுமார் ஒரு நாள்தான் தாங்கும். அங்கே ஜிக்பீ (மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் வயர்லெஸ் முறை) கதவு சென்சாரை ரெடிமேடாகவே வாங்குங்கள், ஒரு பட்டன் செல்லில் வருடத்துக்கு மேல் ஓடும். அந்த சிக்னலைப் பிடிக்கும் ஜிக்பீ டாங்கிளை ராஸ்பெரி பையின் யுஎஸ்பி 3 போர்ட்டில் நேராகச் செருகாமல் ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வையுங்கள். அந்த போர்ட்டின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை அமுக்கிவிடும். மிக மலிவாகக் கிடைக்கும் 433 மெகாஹெர்ட்ஸ் சென்சார்கள் பாதுகாப்புக்கு வேண்டாம். பெரும்பாலானவை ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அனுப்பும், யாரும் பிடித்துத் திருப்பி அனுப்பலாம். அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்றும் அதற்குத் தெரியாது.

கரண்ட் விஷயம் சொல்லாமல் விட முடியாது. இன்வர்ட்டர் இருந்தாலும் மாறும் அந்தக் கணத்தில் ரூட்டர் அணைந்து எழுந்தால் இரண்டு மூன்று நிமிடம் வீடு குருடுதான். ரூட்டருக்கும் ராஸ்பெரி பைக்கும் தனியாகச் சின்ன டிசி யுபிஎஸ் வையுங்கள்.

ரெடிமேட் கிட் வாங்குவதாக இருந்தால் கடையிலேயே கேட்க வேண்டியது: இணையம் இல்லாமல் சைரன் அடிக்குமா? இல்லை என்றால் வேண்டாம். அமெரிக்காவில் ரிவால்வ் என்ற ஹப்பை (வீட்டுக் கருவிகளை இணைக்கும் பெட்டி) வாங்கியவர்களுக்கு நடந்ததைப் பாருங்கள். 2014-இல் அந்த நிறுவனத்தை நெஸ்ட் வாங்கியது, 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது, காசு கொடுத்து வாங்கிய பெட்டிகள் அன்றோடு வேலை செய்யவில்லை.

கேமரா பற்றி அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "வீட்டுக்குள்ள வேண்டாம்டா. வாசல்ல வேணா வச்சுக்கோ." அவர் வீடு, அவர் சொல்வதுதான் நியாயம். நீங்களும் கேட்டுவிட்டே வையுங்கள். வாசலுக்கு ஆர்டிஎஸ்பி (வீடியோவை வீட்டு நெட்வொர்க்கிலேயே நேராகத் தரும் முறை) உள்ள கேமரா வாங்கினால் பதிவு வீட்டிலேயே இருக்கும். கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற வைரஸ் லட்சக்கணக்கான கருவிகளுக்குள் நுழைந்தது, அதில் கேமராக்கள் ஏராளம், உடைத்த பூட்டு வெறும் கம்பெனி வைத்த கடவுச்சொல்தான். வெளியூரிலிருந்து பார்க்க, யாரும் நுழையக்கூடிய போர்ட்டை ரூட்டரில் திறக்காமல், விபிஎன் என்ற பூட்டிய தனிப்பாதை வழியாகப் பாருங்கள்.

கேஸ் சென்சாரை ஏன் செய்யக் கூடாது என்கிறேன்? எம்கியூ-6 என்ற மலிவான கேஸ் சென்சார் கையில் கிடைக்கும், நானும் வைத்து விளையாடியிருக்கிறேன். முதலில் 24 மணி நேரத்துக்கு மேல் சூடாக்க வேண்டும், ஈரப்பதத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப அளவு நகரும், வீட்டில் அதைச் சரியாக அளவிட்டு நிறுத்த வழியில்லை. சமையலறையில் அம்மா நிற்கிறார், அங்கே எனக்குச் சோதனை வேண்டாம். சான்றிதழ் உள்ளதை வாங்கி, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் மாட்டுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். கசிவு தெரிந்ததும் எக்ஸாஸ்ட் ஃபேனைத் தானாகப் போடுவது போல மட்டும் எதையும் இணைத்துவிடாதீர்கள், அந்த சுவிட்சின் பொறி ஒன்றே போதும்.

இவ்வளவு செய்ததில் எனக்கு அதிகம் பயன்படுவது திருட்டு அலாரமே இல்லை. அம்மா தினமும் ஆறரைக்குள் கோலம் போடக் கதவைத் திறப்பார். ஏழு மணி வரை கிரில் சென்சார் அசையவில்லை என்றால் எனக்கும் எதிர்வீட்டு மாமாவுக்கும் செய்தி போகும். போன வருடம் ஒரு நாள் போனது. மாமா போய்த் தட்டியபோது அம்மாவுக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தார். அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது, அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எட்டு மணிக்கு டாக்டரிடம் போய்விட்டார்கள்.

நீங்கள் ஆரம்பிப்பதானால் கொல்லைக் கதவு ஒன்றை மட்டும் வயரோடு செய்து ஒரு மாதம் ஓட விடுங்கள். வாரம் ஒருமுறை அப்பாவிடம் வயரைக் கழற்றச் சொல்லி, உங்களுக்குச் செய்தி வருகிறதா என்று பாருங்கள். சைரனை நிறுத்தும் பட்டன் பெரிதாக, கட்டிலில் இருந்தே கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.